வெற்றுத் திரையின் முன் அமர்ந்த பெண்

கணினியில் எழுதுகிற நாம் எல்லோரும் நாளொன்றுக்குப் பத்து முறையாவது ஒரு வரியை வெட்டி எடுத்து வேறோர் இடத்தில் ஒட்டுகிறோம். தமிழ் மென்பொருள்களிலும் அந்தக் கட்டளைகளுக்கு வெட்டு, ஒட்டு என்றுதான் பெயர். கணினிக்குள் கத்தரிக்கோல் கிடையாது, பசைக்குப்பியும் கிடையாது. இந்தச் சொற்கள் மேசையிலிருந்து உள்ளே போனவை. தட்டச்சுத் தாளைப் பத்தி பத்தியாக நறுக்கி, வரிசை மாற்றி, இன்னொரு தாளில் ஒட்டி, அச்சுக்குத் தயார் செய்த கைகளின் வேலை அது. அந்தக் கைகளில் பெண்களின் கைகள் நிறைய. அவற்றை யார் கவனித்தார்கள், எப்படிக் கவனித்தார்கள், கவனித்த பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். கணினி அறிவியலில் எனக்குப் பட்டம் இல்லை. ஆனால் ஒரு பிரதி எத்தனை கைகள் பட்டு நம்மிடம் வந்து சேர்கிறது, அவற்றில் எந்தக் கைக்குப் பெயர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று பார்ப்பது என் துறையில் கிடைத்த பயிற்சி. பழைய பதிப்பு ஒன்றை எடுத்தால் முகப்பில் பதிப்பாசிரியர் பெயர் இருக்கும். ஏட்டைப் பார்த்துப் படி எடுத்தவர் முன்னுரையின் கடைசிப் பத்தியில் இருப்பார், அல்லது எங்குமே இருக்கமாட்டார். அந்தப் பழக்கத்தோடுதான் கணினியின் வரலாற்றையும் வாசித்தேன்.

கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகரில் 1970இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. சுருக்கமாகப் பார்க் என்பார்கள். நாம் நகலெடுக்கும் கடைக்கே ‘ஜெராக்ஸ் கடை’ என்று பெயர் வைத்துவிட்டோமே, அதே ஜெராக்ஸ்தான். 1973இல் அங்கே ஆல்ட்டோ என்ற கணினி உருவானது. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில், மேசையருகே வைத்து, மவுஸைப் பிடித்தபடி திரையைப் பார்த்து வேலை செய்யக்கூடிய கணினி. அதில் எழுதுவதற்கு 1974இல் பிராவோ என்ற மென்பொருள் வந்தது. பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் அதன் முதன்மை ஆக்குநர்கள்.

பிராவோ ஆற்றல் மிக்கது. ஆனால் அதற்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒரு நிலையில் நாம் தட்டுவது எழுத்தாக விழும். இன்னொரு நிலையில் அதே விசை கட்டளையாகும். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே பலரும் சொல்லிச் சிரித்த கதை ஒன்றுண்டு. ஒருவர் எழுதும் நிலையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளைத் தட்டுகிறார். கட்டளை நிலையில் இருந்த மென்பொருளோ முதல் எழுத்தை ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்றும், இரண்டாவதை ‘அழி’ என்றும், மூன்றாவதைச் ‘செருகு’ என்றும் எடுத்துக்கொள்கிறது. நான்காவது மட்டும்தான் எழுத்தாக விழுகிறது. முழு ஆவணமும் போய், திரையில் மிஞ்சுவது ‘டி’ என்ற ஒற்றை எழுத்து.

தேர்ந்த பொறியாளர்கள் பலர் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்று இருந்தார்கள். பழகினால் சரியாகிவிடும் என்ற வாக்கியத்தைப் புகுந்த வீட்டில் கேட்காத பெண் நம்மில் யார்? பழகவேண்டியது எப்போதும் நாம்தான். மாறவேண்டியது வீடு என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

லாரி டெஸ்லருக்கு அது தோன்றியது. பழகிப்போகாத ஒருவரிடம் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று நினைத்தார். 1973இல் அந்த மையத்துக்குச் செயலாளர் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணை, அங்கிருந்த மென்பொருள் எதுவும் அவர் கைக்குப் பழகும் முன்பே, ஒரு வெற்றுத் திரையின் முன் உட்காரவைத்தார். கையில் திருத்தக் குறிகள் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். தாளில் இருப்பது திரையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, இந்தத் திருத்தங்களை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். ஒரு சொல் சேர்க்கவேண்டுமென்றால் அந்த இடத்தைச் சுட்டிவிட்டுத் தட்டத் தொடங்குவேன் என்றார் அவர். வேண்டாத சொல் என்றால் அதன்மேல் கோடு இழுப்பேன் என்றார். அவர் சொன்னவற்றில் ‘நிலை’ என்று எதுவுமே இல்லை. சுட்டுதல், தட்டுதல், இழுத்தல். இன்று உலகம் முழுவதும் திரையின் முன் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

அடுத்த மேசை பாஸ்டனை அடுத்த லெக்சிங்டனில் இருந்தது. அங்கே கின் என்றொரு பாடநூல் பதிப்பகம். 1968இல் ஜெராக்ஸ் அதை வாங்கியிருந்தது. பதிப்பகத்தின் சார்பில் டிம் மாட் என்பவர் பார்க் மையத்துக்கு வந்தார். பிராவோ தம்முடைய பதிப்பாசிரியர்களுக்குச் சரிப்படாது என்று அவருக்குப் புரிந்தது. அவரும் டெஸ்லரும் கூட்டுச் சேர்ந்தார்கள். மாட் லெக்சிங்டனுக்குத் திரும்பிப் போய், தாளும் பென்சிலும் கத்தரியுமாக அங்கே நடந்த வேலையை அருகிலிருந்து பார்த்தார். பிறகு அவர்களைத் திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றின் முன் உட்காரவைத்து, இந்த எந்திரம் நீங்கள் விரும்புகிற எதையும் செய்யும் என்று நினைத்துக்கொண்டு உங்கள் வேலையைச் சொல்லிக்கொண்டே செய்துகாட்டுங்கள் என்றார். எந்திரம் ஒன்றும் செய்யவில்லை. அவர்களுடைய பேச்சில்தான் அது இயங்கியது. ‘வழிநடத்திய கற்பனை’ என்று பொருள்படும் ஒரு பெயரை அந்த முறைக்கு வைத்தார்கள். கவிதை எழுதுகிற எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது.

இப்படிப் பிறந்த மென்பொருள்தான் ஜிப்ஸி. 1975இல் கின் பதிப்பாசிரியர்கள் அதில் வேலை செய்து பார்த்தார்கள். அதில் நிலைகளின் தொல்லை இல்லை. மவுஸால் இழுத்து ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம், வெட்டலாம், வேறிடத்தில் ஒட்டலாம். அதை வடிவமைத்தபோது மாட்டின் மனக்கண்ணில் இருந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வாழ்நாள் முழுவதையும் பதிப்பகத்திலேயே கழித்தவர், இன்னமும் பழைய ராயல் தட்டச்சு எந்திரத்தில் வேலை செய்பவர். அவருக்குக் கை வந்தால் எல்லோருக்கும் கை வரும் என்பது கணக்கு.

இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தவர், என் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தட்டச்சு செய்த அக்கா. பல்கலைக்கழக வாசலை ஒட்டிய சந்தில், நகலெடுக்கும் எந்திரத்துக்கும் பைண்டிங் மேசைக்கும் நடுவில் அவருடைய கணினி இருந்தது. பதினெட்டு வயதில் தட்டச்சுப் பயிலகத்தில் தொடங்கியவர். ‘கெ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பைப் போட்டுவிட்டுத்தான் ‘க’வை எழுதுகிறோம். தமிழ்த் தட்டச்சு எந்திரத்திலும் அதே வரிசை. தமிழ்99 முறையிலோ முதலில் ‘க’, அடுத்து ‘எ’. கொம்பு தானாக முன்னால் போய் நின்றுகொள்ளும். ஒலிப்படி பார்த்தால் அது சரியான முறை. ஆனால் அக்கா சொன்னார்: “இத்தனை வருசமா என் விரலு கொம்பத்தான் மொதல்ல தேடுதும்மா. மிஷினு மாறும்போதெல்லாம் நாந்தான் மாறிக்கிட்டே வந்தேன். உனக்கு எது தோதுன்னு ஒருத்தரும் வந்து கேக்கல.”

அடிக்குறிப்பு எண்கள் ஓர் இயலில் நகர்ந்தால் அடுத்த இயலில் எங்கே முட்டும் என்று அவருக்குப் பார்க்காமலே தெரியும். மேற்கோளில் சீர் பிரிப்புப் பிசகியிருந்தால், யாப்பு படிக்காத அவர், “இந்த வரி ஓசை இடிக்குதே, சரியா பாத்தியா?” என்பார். சமையலில் உப்பின் அளவைக் கேட்டால் ‘கைக்குத் தெரியும்’ என்போமே, அந்த வகை அறிவு அது. கேட்பதற்கு ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது சொல்லாகும். எங்கள் ஆய்வேடுகளின் நன்றியுரையில் நெறியாளர், துறைத்தலைவர், நூலகர் எல்லோரையும் கடந்து கடைசியில் ஒரு வரி வரும்: ‘அழகுறத் தட்டச்சு செய்து தந்தவர்.’ அந்த ‘அழகுற’வை இப்போது வாசித்தால் உறுத்துகிறது. அறிவுப்பணி ஒன்றை அலங்காரப் பணியாக்கிவிடும் சொல் அது.

தட்டச்சு பெண்ணின் வேலை, எனவே சின்ன வேலை என்ற எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. ஜெராக்ஸ் வரலாற்றிலேயே அதற்கு ஒரு சாட்சியம் உண்டு. 1977 நவம்பரில் ஃபுளோரிடாவின் போகா ரட்டோன் நகரில் அந்நிறுவனத்தின் உலக மாநாடு நடந்தது. பார்க் ஆய்வாளர்கள் ஆல்ட்டோ கணினிகளைக் கொண்டுபோய் உயர் அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அங்கிருந்த ஆய்வாளர் சார்லஸ் கெஷ்கி பின்னாளில் நினைவுகூர்ந்தது இது. அதிகாரிகள் எல்லோரும் ஆண்கள். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். விசைப்பலகையைத் தொடுவது செயலாளரின் வேலை, அவர்களுடையது அல்ல. உடன் வந்திருந்த மனைவிகள்தாம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள், மவுஸை நகர்த்தினார்கள், அச்சிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பலர் திருமணத்துக்கு முன் செயலாளர்களாக வேலை பார்த்தவர்கள். ஒரு கடிதத்தை ஒரு பிழைக்காக முழுதாகத் திரும்பத் தட்டுவது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். எனவே முன்னால் இருக்கும் பொருளின் மதிப்பும் தெரிந்தது.

அந்த அரங்கில் பொருளைப் புரிந்துகொண்டவர்களிடம் முடிவெடுக்கும் உரிமை இல்லை. உரிமை இருந்தவர்களுக்குப் பொருள் புரியவில்லை. ஜெராக்ஸ் தன் கண்டுபிடிப்பின் பலனைக் கோட்டைவிட்டது ஏன் என்று பல நூல்கள் வந்துவிட்டன. விலை, சந்தை, நிர்வாகப் பூசல் என்று காரணங்கள் பல. அவற்றோடு கட்டிய கைகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

டெஸ்லர் 1980இல் ஆப்பிள் நிறுவனத்துக்குப் போனார். அங்கே லிசா என்ற கணினி உருவாகிக்கொண்டிருந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் வழக்கத்தை அங்கும் கொண்டுவந்தார். திரையில் ஒரு பெட்டி வரும். ஒப்புதல் தர ‘டு இட்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும். செய்துவிடு என்று பொருள். ஒருவர் அதை அழுத்தாமல் எரிச்சலோடு விழித்தார். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. இரண்டு சொற்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஐ’யும் சின்ன எழுத்து ‘எல்’லும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. அவர் அதை ‘டோல்ட்’ என்று வாசித்திருக்கிறார். மட்டி, மடையன் என்று பொருள். கணினி தன்னை ஏன் மடையன் என்கிறது என்பதுதான் அவருடைய கோபம். பொத்தானை ‘ஓகே’ என்று மாற்றினார்கள். இன்று நாம் அழுத்தும் ஒவ்வொரு ‘ஓகே’வுக்கும் பின்னால், தனக்குப் புரியாததைப் புரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவர் இருக்கிறார்.

எனக்கு இது வேடிக்கைக் கதையாக மட்டும் படவில்லை. புதிய எந்திரத்தின் முன் தடுமாறும் பெண்களை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். வங்கியில், ரேஷன் கடையில், மருத்துவமனைப் பதிவில். “எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, படிக்காதவ” என்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அவர்கள் படிக்காததால் அல்ல, எந்திரம் சரியாகச் சொல்லாததால் என்று எடுத்துச் சொல்ல ஓர் அறிவுத்துறையே தேவைப்பட்டது.

அதைச் செய்தவர்களில் முக்கியமானவர் லூசி சக்மன். மானிடவியல் ஆய்வு மாணவியாக 1979இல் பார்க் மையத்துக்கு வந்தவர். ஜெராக்ஸின் புதிய நகலெடுக்கும் எந்திரம் ஒன்று மிகவும் சிக்கலாக இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். சக்மன் அத்தகைய எந்திரத்தின் முன் இரண்டிரண்டு பேராக நிறுத்தி, அவர்கள் பேசிக்கொள்வதைப் படம்பிடித்தார். இருவராக நிறுத்தியதில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனியாள் மனத்துக்குள் குழம்புவார். இருவர் என்றால் குழப்பம் பேச்சாக வெளியே வரும். அந்தப் படங்களில் ஒன்று புகழ்பெற்றது. இருபக்க நகல் எடுக்கத் தெரியாமல் திணறும் இருவரில் ஒருவர் ஆலன் நியூவெல். செயற்கை நுண்ணறிவுத் துறையை நிறுவியவர்களில் ஒருவர். அவரே திணறினார் என்றால் குற்றம் படிப்பில் இல்லை.

சக்மனின் நூல் 1987இல் வெளிவந்தது. மனிதர்கள் முன்கூட்டியே வகுத்த திட்டப்படி ஒவ்வோர் அடியாக நடப்பதில்லை, சூழலைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்கிறார்கள் என்பது அதன் மையம். எந்திரமோ திட்டத்தை எதிர்பார்த்து நிற்கிறது. நாம் செய்கிற பலவற்றில் சிலவற்றை மட்டுமே சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. காலையில் அடுப்பில் ஒரு கண்ணும் குழந்தையின் மேல் ஒரு கண்ணுமாக வேலை செய்கிற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்கவேண்டியதில்லை.

கேட்டார்கள், கவனித்தார்கள், நல்லது நடந்தது என்று இங்கே முடித்துவிட்டால் பாதிதான் சொன்னதாகும். 2020 பிப்ரவரியில் டெஸ்லர் மறைந்தபோது, வெட்டு-ஒட்டைக் கண்டுபிடித்தவர் என்று உலகப் பத்திரிகைகள் அஞ்சலி எழுதின. அவர் அதற்குத் தகுதியானவர்தான். அந்தச் செயலாளரைப் பற்றி நமக்குத் தெரிவதே அவர் மறைக்காமல் சொன்னதால்தான். ஆனால் நான் வாசித்த வரலாறுகளில் பெரும்பாலும் அவர் ‘ஒரு செயலாளர்’, இவர் ‘ஒரு பெண்மணி’. அறிவைத் தந்தவர் தகவலாளி, எழுதிக்கொண்டவர் ஆசிரியர். நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த நம் நூல்களுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. அதே 1973இல், அதே பாஸ்டன் நகரில், அலுவலகங்களில் வேலை செய்த பெண்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். காரன் நஸ்பாமும் எலன் கேசடியும் அதை முன்னெடுத்தவர்களில் இருவர். வேலை நேரத்தையே பெயராக்கி ‘ஒன்பதிலிருந்து ஐந்து’ என்று அழைத்துக்கொண்டார்கள். சம்பளம், பதவி உயர்வு, மரியாதை ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். கணினி அலுவலகத்துக்குள் வந்த பிறகு, ஒரு பெண் நாளைக்கு எத்தனை முறை விசையை அழுத்தினாள் என்று எந்திரமே எண்ணிக் கண்காணிப்பதையும் எதிர்த்தார்கள். வடிவமைப்பாளர், இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். இந்தப் பெண்கள் கேட்டது வேறு: இந்த வேலைக்கு எங்களுக்கு என்ன தருவீர்கள், இது எளிதான பிறகு மிச்சமாகும் நேரம் யாருக்கு? முதல் கேள்விக்கு நல்ல மென்பொருள் விடையாக வந்தது. இரண்டாவது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கணினியைக் கையாள்பவரைத் தமிழில் பயனர் என்கிறோம். அரசுத் திட்டங்களில் உதவி பெறுபவர் பயனாளி. இரண்டு சொற்களிலும் பயனை யாரோ தருகிறார்கள், இவர் பெற்றுக்கொள்கிறார். அவரும் ஒன்றைத் தருகிறார் என்பதற்கு அச்சொற்களில் இடமில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மாணவர் சேர்க்கைக்குப் புதிய மென்பொருள் வந்தது. ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் குடும்பப் பெயர் உண்டு? ‘தந்தை அல்லது கணவர் பெயர்’ என்பதும் கட்டாயம். தாயால் மட்டுமே வளர்க்கப்பட்ட ஒரு மாணவி அந்தக் கட்டத்தின் முன் விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அலுவலக உதவியாளரான அம்மா ஒருவர் எழுந்து வந்து, “அதுல ஒரு புள்ளி வச்சிடு கண்ணு, ஒத்துக்கும்” என்றார். மென்பொருள் ஒத்துக்கொண்டது. அவருடைய மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எந்தக் கட்டத்தில் எதைப் போட்டால் நகரும், எத்தனை நிமிடத்தில் பக்கம் செத்துப்போகும் என்று அவ்வளவும் அவர் கைப்பட எழுதியது. மென்பொருளைச் செய்தவர்கள் ஒரு முற்பகல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த நோட்டுக்கே தேவை இருந்திருக்காது. அந்த மாணவிக்கும் தன் தந்தையின் இடத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகரவேண்டிய நிலை வந்திருக்காது.

இப்போது என் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பயிற்சி கொடுக்கிறேன். வீட்டிலோ தெருவிலோ ஒரு பெண் ஏதேனும் ஓர் எந்திரத்தில் வேலை செய்வதை ஒரு மணி நேரம் அருகிலிருந்து பார்க்கவேண்டும். தையல் எந்திரம், கைப்பேசி, பில் போடும் கருவி, எதுவானாலும் சரி. முதல் அரை மணி நேரம் வாய் திறக்கக் கூடாது. சொல்லிக்கொடுக்கக் கூடாது. பிறகு ஒரே கேள்வி: இது உங்கள் இஷ்டப்படி இருக்கலாம் என்றால் எப்படி இருக்கவேண்டும்? சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் அம்மாவைப் பற்றி எழுதி வந்தாள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. கைப்பேசியில் யார் எண் எது என்று மேலிருந்து எத்தனையாவது என்ற கணக்கில் வைத்திருக்கிறார். புதிதாக ஒருவர் அழைத்தால் வரிசை மாறிவிடுகிறது. அவர் கேட்டது, வைத்த இடத்தில் வைத்தது இருக்கவேண்டும் என்பதுதான். அம்மா தப்பாக அழைக்கும்போதெல்லாம் தான் சிரித்திருப்பதாகவும், வரிசை மாறுவதுதான் காரணம் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாகவும் அவள் எழுதியிருந்தாள். தாளின் மேற்புறத்தில், தன் பெயருக்குப் பக்கத்தில், அம்மாவின் பெயரையும் எழுதியிருந்தாள்.